ஓர் எழுத்தில் அறுந்த தாம்புக்கயிறு: ‘ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்’ நிகழ்வு ஆய்வு

2018 ஜூலையில், வெளியாகி ஐந்து வருடம் ஆன, தள்ளுபடித் தட்டில் சில டாலருக்குக் கிடந்த ஒரு கேம் திடீரென்று உலகச் செய்தியானது. ‘ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்’ கேமின் ஒரு கோப்பில் ஒரே ஒரு எழுத்து கூடுதலாக விழுந்திருந்தது, அதனால்தான் அதில் வரும் ஏலியன்கள் புத்தியில்லாமல் நேரே ஓடிவந்து குண்டு வாங்கிச் செத்தன, அந்த எழுத்தை அழித்தால் போதும், வேட்டையாடத் தொடங்கிவிடும் என்பது செய்தி. கேட்க ருசியான கதை. பாதி சரியும்கூட. அந்தப் பாதியோடு நிறுத்திக்கொண்டால், 2013இல் முழு விலை கொடுத்தவர்கள் எதற்காக வயிறெரிந்தார்கள் என்பது புரியாமலே போய்விடும்.

சரக்கு வந்த வழி

ஏலியன் படங்களை வைத்து கேம் செய்யும் உரிமையைத் திரைப்பட நிறுவனம் ஃபாக்ஸிடமிருந்து கேம் வெளியீட்டு நிறுவனம் செகா 2006 டிசம்பரில் பெற்றது. ஓர் ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடுவது), ஒரு ஷூட்டர் (சுட்டு ஆடுவது) என இரண்டு திட்டங்கள். அப்சிடியன் ஸ்டுடியோ எடுத்துக்கொண்ட ஆர்பிஜி 2009இல் கைவிடப்பட்டது. ஷூட்டர் டெக்சாஸின் கியர்பாக்ஸ் ஸ்டுடியோவிடம் போனது. 2008இல் பெயர் அறிவித்தார்கள். கடைக்கு வந்தது 2013 பிப்ரவரி 12 அன்று, விண்டோஸ், பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 மூன்றிலும். இடைப்பட்ட காலத்தில் கியர்பாக்ஸ் ‘பார்டர்லேண்ட்ஸ்’ (2009), ‘டியூக் நியூக்கம் ஃபாரெவர்’ (2011), ‘பார்டர்லேண்ட்ஸ் 2’ (2012) என்று மூன்று பெரிய கேம்களை முடித்து அனுப்பியிருந்தது. எந்த வேலை வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கும் என்பதை இந்தத் தேதிகளே சொல்லும்.

வேலை ஒரே கூரைக்குக் கீழே நடக்கவும் இல்லை. டைம்கேட், டெமியர்ஜ், நெர்வ் என மேலும் மூன்று ஸ்டுடியோக்களின் பெயர்கள் இதில் உண்டு. யார் எவ்வளவு செய்தார்கள் என்பதில் கடைசிவரை ஒத்த பேச்சு இல்லை. டைம்கேட் 2013 மே மாதத்திலேயே திவாலாகி மூடப்பட்டுவிட்டதால் கேட்டறியவும் ஆளில்லை.

கொடுத்த வாக்கு மட்டும் பெரிது. ஜேம்ஸ் கேமரூனின் 1986 படம் முடிந்த 17 வாரங்களுக்குப் பிறகு தொடங்கும் கதை. மைக்கேல் பீன், லான்ஸ் ஹென்ரிக்சன் இருவரும் தங்கள் பழைய பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தார்கள். படத்துக்காக சுலாக்கோ விண்கப்பலை வடிவமைத்த சிட் மீடையே அதன் உட்புறங்களை வரைய அழைத்து வந்தார்கள். ரசிகன் இதற்கு மேல் என்ன கேட்பான்? 2013 மார்ச் இறுதிக்குள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுமார் 13.1 லட்சம் பிரதிகள் விற்றன. விமர்சனச் சராசரியோ, மதிப்பெண்களைத் திரட்டும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் நூற்றுக்கு ஐம்பதைக்கூட எந்தக் கருவியிலும் எட்டவில்லை.

காட்டியதும் கொடுத்ததும்

2011 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் ஈ3 கேம் கண்காட்சியில் ஒரு டெமோ காட்டினார்கள். இருண்ட வழித்தடம், அசையும் விளக்கு, அந்த விளக்கோடு சேர்ந்து சுவரில் நீளும் நிழல், புகை, அந்தப் புகைக்குள் பாதி தெரியும் வால். விற்பனைக்கு வந்ததில் அதே இடம், படத்தில் வரும் ஹேட்லிஸ் ஹோப் குடியிருப்பு, தட்டையான வெளிச்சத்தில், மழுங்கிய டெக்ஸ்ச்சர்களோடு (பரப்புகள்மேல் ஒட்டும் படங்கள்) நின்றது. இரண்டையும் அருகருகே வைத்த ஒப்பீட்டு வீடியோக்கள் வெளியான ஓரிரு நாளிலேயே சுற்றத் தொடங்கிவிட்டன.

இதில் மாயம் ஏதும் கிடையாது. துணிக்கடைப் பொம்மைக்குச் சட்டை கச்சிதமாகப் பொருந்துவது, முதுகுப் பக்கம் குண்டூசி குத்திப் பிடித்திருப்பதால். டெமோவும் அப்படித்தான். கால் மணி நேரத் துண்டு, சக்திவாய்ந்த கணினி, ஆடுபவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பதும் தெரியும். முழு கேம் பிளேஸ்டேஷன் 3இன் 256 எம்பி முதன்மை நினைவகத்திலும் 256 எம்பி கிராஃபிக்ஸ் நினைவகத்திலும் அடங்கியாக வேண்டும். எக்ஸ்பாக்ஸ் 360இல் எல்லாவற்றுக்கும் சேர்த்தே 512 எம்பி. நிழல் வீசும் ஒவ்வொரு அசையும் விளக்குக்காகவும் காட்சியை இன்னொரு முறை வரைய வேண்டியிருக்கும். நினைவகமும் நேரமும் போதாதபோது முதலில் கழற்றப்படுவது இந்த விளக்குகள்தான். வெளிச்சத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, சுவரிலேயே சாயம் பூசினாற்போல் ஒட்டிவிடுவார்கள். இந்த கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளான ‘அன்ரியல் எஞ்சின் 3’இல் இது அன்றாட வழக்கம். மற்ற கேம்களில் இது உறுத்தாது. பயத்துக்கு முதலீடே நிழல் என்று இருக்கும் கதையில் நிழலைக் கழற்றினால் மிச்சம் என்ன?

2013 மார்ச்சில் கணினிக்கு ஏறத்தாழ 4 ஜிபி அளவில் ஒரு பேட்ச் (திருத்தக் கோப்பு) வந்தது. டெக்ஸ்ச்சர்கள் கொஞ்சம் தெளிந்தன. வெளிச்சம் 2011இன் அருகில்கூட வரவில்லை.

குறைத்ததைவிட, குறைத்ததைச் சொல்லாமல் விட்டதுதான் பெரிய தப்பு. பழைய காட்சிகளை வைத்த விளம்பரங்கள் வெளியீட்டு நாள்வரை ஓடின. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையத்திடம் புகார் போனபோது, அந்த டிரெய்லர்கள் இறுதிக் கேமைச் சரியாகப் பிரதிபலிக்கவில்லை என்று செகா 2013 ஏப்ரலில் ஏற்றுக்கொண்டு, அப்படியொரு குறிப்பை இணைக்கச் சம்மதித்தது. அதே மாதம் கலிஃபோர்னியாவில் வாங்கியவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2014இல் செகா 12.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொள்ள ஒப்புக்கொண்டது. கியர்பாக்ஸ் பணியவில்லை, தன் சொந்தப் பணத்தையும் இதில் போட்டிருப்பதாக வாதிட்டது. 2015இல் வழக்கு அனைத்து வாடிக்கையாளர் சார்பிலானது என்ற தகுதியை இழக்க, கியர்பாக்ஸ் அதிலிருந்து வெளியே வந்தது.

கயிறு அறுந்த இடம்

இனி அந்த எழுத்து. இந்த கேமின் உள்பெயர் ‘பீக்கான்’. கோப்புகள் பலவும் அந்தப் பெயரில்தான் தொடங்கும். (பீக்கான் டெக்சாஸின் மாநில மரம். கோப்புக்குள்ளும் ஊர்ப்பாசம்.) அவற்றில் ‘பீக்கான் எஞ்சின்’ என்ற ஐஎன்ஐ கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறக்கும். அதில் வகுப்புகளின் (நிரலில் ஒரு வேலைக்கென்று எழுதிய துண்டுகளின்) பெயர்களை மாற்றிவிடும் ஒரு வரி இருக்கிறது. ‘ஸீனோவை டெதரில் கட்டு’ என்ற கட்டளை எங்கே வந்தாலும் அதற்குப் பதிலாக ‘பான்-ஐ டெதரில் கட்டு’ என்ற கட்டளையை ஓட்டு என்பது அதன் பொருள். ஸீனோ என்றால் ஏலியன். பான் என்றால் சதுரங்கச் சிப்பாய். அன்ரியல் மொழியில் கேமுக்குள் நடமாடும் எந்த உருவத்துக்கும் அந்தப் பெயர்.

டெதர் என்பது மாட்டை முளையில் கட்டும் தாம்புக்கயிறு. கயிறு எட்டும் வரைதான் மேய்ச்சல். ஓர் ஏலியன் தோன்றியதும் அதை ஒரு பகுதியோடு கட்டிவிடுவார்கள். இதுதான் உன் சண்டைக்களம், வெளியேறும் வழிகள் இவை என்று அந்தப் பகுதி ஏலியனுக்குச் சொல்லும். சண்டை நடக்கும்போது ஸ்கிரிப்ட் கயிற்றை அவிழ்த்து இன்னொரு முளையில், உதாரணமாக ஆடுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் முளையில், கட்டும். ஏலியன் சுற்றிக்கொண்டு பின்னால் வரும். ஒரே இடத்தில் கும்பலாகச் சேர்ந்தால் வேறு வேறு முளைகளுக்குப் பிரித்து அனுப்பும். பதுங்குவது, சுற்றி வளைப்பது, பரவுவது எல்லாம் இந்த முளை மாற்றத்தில்தான் இருக்கின்றன.

இந்த வேலையைச் செய்வது ‘பான்-ஐக் கட்டு’ கட்டளை. ‘ஸீனோவைக் கட்டு’ உள்ளீடற்ற வெறும் ஓடு. கோப்பின் வரியைப் படித்தால் நடந்ததை ஊகிப்பது கடினமல்ல. முதலில் ஏலியனுக்கென்று ஒரு கட்டளை எழுதி, அதை வரைபடங்களில் பல இடங்களில் பொருத்தியிருக்கிறார்கள். பிற்பாடு எல்லா உருவங்களுக்கும் பொதுவாகப் புதிய கட்டளை எழுதி, பழையதை வெறுமையாக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு வரைபடத்தையும் திறந்து மாற்றுவது நாள்கணக்கான வேலை; ஐஎன்ஐயில் ஒரு வரி எழுதினால் எஞ்சினே பழையதைப் புதியதாகப் படித்துக்கொள்ளும். வீடு மாறியவர் தபால் நிலையத்தில் புது முகவரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதுபோல.

அப்படி எழுதிக் கொடுத்த புது முகவரியில்தான் கதவு எண் தப்பாகிவிட்டது. டெதர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எழுத்துகள் டி, இ, டி, எச், இ, ஆர். வரியின் வலப்பக்கத்தில் இருந்ததோ டி, இ, ஏ, டி, எச், இ, ஆர். முதல் ‘இ’க்குப் பின்னால் தேவையில்லாத ஓர் ‘ஏ’. அந்தப் பெயரில் எந்த வகுப்பும் கிடையாது. எஞ்சின் தேடியது, காணவில்லை, பழைய முகவரியிலேயே கடிதத்தைப் போட்டது. பூட்டிய வீடு. ஏலியன் எந்த முளையிலும் கட்டப்படாமல், ஆடுபவரை நோக்கி நேராக ஓடி வருவதைத் தவிர வேறு எதுவும் தெரியாமல் நின்றது.

மாட் (கேமை மாற்றியமைக்கும் ரசிகர் ஆக்கம்) செய்யும் ஒருவர் இதைத் தோண்டிக் கண்டுபிடித்து, 2017இலேயே விளையாடுவோர் வட்டத்தில் பேசப்பட்டது. ஊரறிந்தது அடுத்த ஆண்டில்.

இவ்வளவு பேர் கண்ணிலும் ஐந்து வருடம் படாதது எப்படி? கேம் நின்றுபோகவில்லையே. சட்டி உடைந்தால் வீடு முழுக்கச் சத்தம் கேட்கும். உப்புக் குறைந்தால் சாப்பிட உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். கேம் செயலிழந்தால் சோதனையாளர் உடனே புகார் எழுதுவார். ஏலியன் கொஞ்சம் மந்தமாக ஓடி வந்தால், இதன் அறிவு இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். எஞ்சின் ‘இந்த வகுப்பு இல்லை’ என்று ஒரு வரி எச்சரித்திருந்தாலும், தொடக்கத்தில் கொட்டும் ஆயிரக்கணக்கான பதிவு வரிகளுக்கு நடுவே அதை யார் படிப்பார்? இப்படிப்பட்ட பிழைக்கு மருந்து கூடுதல் சோதனையாளர்கள் கிடையாது. பில்டு, அதாவது கேமின் ஒவ்வொரு புதிய தொகுப்பும், தயாராகும்போது ஒரு சிறு ஸ்கிரிப்ட் ஓட வேண்டும். மாற்றுப்பெயர் வரிகள் ஒவ்வொன்றின் வலப்பக்கப் பெயரும் உண்மையில் இருக்கிறதா என்று தேட வேண்டும். இல்லையென்றால் பில்டையே நிராகரிக்க வேண்டும். அரை நாள் வேலை. இன்னொன்று, சோதனைத் திரையில் ஒவ்வொரு ஏலியனின் தலைக்கு மேலும் அது கட்டப்பட்டிருக்கும் முளையின் பெயரைக் காட்டுவது. எல்லாத் தலையிலும் ‘எதுவுமில்லை’ என்று வந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

எழுத்தைத் திருத்தினாலும் திருந்தாதவை

செய்தித் தலைப்புகள் தாண்டிப்போன பகுதி இது. முளையில் சரியாகக் கட்டிய ஏலியனும் அதே விறைத்த அசைவுகளோடுதான் நடக்கும். நிமிர்ந்து கை வீசி ஓடிவரும் அந்த நடையைப் பார்த்துச் சிரித்தவர்கள் எந்தக் கோப்பையும் திறந்து அதை மாற்ற முடியாது.

கூட வரும் வீரர்களின் நிலை அதைவிட மோசம். ஓ’நீல் ஏலியனின் பக்கத்திலேயே நின்று சுட்டுக்கொண்டிருப்பான். ஏலியன் அவனை ஏறெடுத்தும் பார்க்காமல் ஆடுபவரிடம் வரும். துணையாட்கள் பின்தங்கினால் திடீரென்று பக்கத்தில் முளைப்பார்கள். சக வீரருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்த கணமே, ஒவ்வொருவராகக் காணாமல் போவதில் பயத்தைக் கட்டிய அந்தப் படத்தின் சரடு அறுந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் கூடுதல் ‘ஏ’யைவிட இது பெரிய ஓட்டை.

அசைவைக் கண்டறியும் மோஷன் டிராக்கர் இன்னொரு வீண். படத்தில் அந்தக் கருவியின் துடிப்புதான் பாதி நடிப்பு. இங்கே எதிரி தானாகவே கண்முன் வந்து நிற்பதால், துப்பாக்கியை இறக்கி டிராக்கரை எடுக்கும் ஒவ்வொரு முறையும் நேர நட்டம்தான். போதாததற்கு, நடுவில் நீண்ட பகுதிகளில் எதிரி ஏலியனே கிடையாது. வேலண்ட்-யுடானி நிறுவனத்தின் கூலிப்படை. மறைவுக்குப் பின்னால் ஒளிந்து சுடும் மனிதர்களோடு சண்டை போட இந்த உரிமையை வாங்க வேண்டியதே இல்லை.

விதிவிலக்காக ஒன்றைச் சொல்லலாம். ஆயுதமெல்லாம் இழந்த கார்ப்பரல் விண்டர் (ஆடுபவரின் பாத்திரம்) கழிவுநீர்ச் சுரங்கத்தில் மெதுவாக ஊர்ந்து போகும் பகுதி. ‘பாய்லர்’ என்ற கண்ணில்லாத வகை ஏலியன்கள் சத்தம் கேட்டால் வந்து வெடிக்கும். யோசனை அருமை. ஆனால் அவை நடப்பது சாவி கொடுத்த பொம்மைபோல. பயம் பாதியில் சிரிப்பாகிவிடும்.

கதையில் வைத்த ஓட்டைகளை விசிறிகள்தான் அதிகம் கவனித்தார்கள். வெடித்து நெப்ராஸ்கா மாநிலம் அளவுக்கு ஆவிமேகமாகிவிடும் என்று படத்தில் இயந்திர மனிதன் பிஷப் எச்சரித்த இடம்; கேமில் ஹேட்லிஸ் ஹோப்பின் சுவர்கள் பெரும்பாலும் நிற்கின்றன. 1992இல் வந்த மூன்றாவது படத்தின் தொடக்கத்திலேயே இறந்துபோன வீரர் ஹிக்ஸ் இங்கே உயிரோடு வருகிறார். எப்படித் தப்பினார் என்ற விளக்கம் கேமில் இல்லை. ஐந்து மாதம் கழித்து, தனிக் காசுக்கு விற்ற ‘ஸ்டேசிஸ் இன்டரப்டட்’ என்ற துணைப் பகுதியில் இருந்தது.

அதே செகா 2014 அக்டோபரில் ‘ஏலியன்: ஐசொலேஷன்’ கேமை வெளியிட்டது, செய்தது கிரியேட்டிவ் அசெம்பிளி. அதில் ஏலியனுக்கு இரண்டு மூளை. ஆடுபவர் எங்கே இருக்கிறார் என்று மேலிருக்கும் ஒன்றுக்கு எப்போதும் தெரியும். அது கீழே இருப்பதற்குத் தோராயமான திசையை மட்டும் காட்டும். கீழே இருப்பது தன் கண்ணாலும் காதாலும் தேடிப் பிடிக்க வேண்டும். ஏலியன் ரொம்ப நேரம் நெருக்கினால் மேல்மூளையே அதைக் கொஞ்சம் விலக்கி அனுப்பும். ‘கலோனியல் மரீன்ஸ்’ வைத்திருந்த முளைக்கயிறு எழுத்துப்பிழையின்றி ஓடியிருந்தாலும் இந்த உயரத்தை எட்டியிருக்காது. கும்பல் கும்பலாக வரும் எதிரிகளைப் பரப்பிவிடுவதற்கான கருவி அது.

சில டாலர் கொடுத்து வாங்கியவருக்கு

கணினிப் பிரதி வைத்திருப்பவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் வரிசை முக்கியம். முதலில் கேமை ஒருமுறை திறந்து ரெசல்யூஷன், கிராஃபிக்ஸ் அமைப்புகளை எல்லாம் முடித்துவிட்டு மூடுங்கள். கோப்புகள் அப்போதுதான் உருவாகும். பிறகு விண்டோஸின் ‘மை டாக்குமென்ட்ஸ்’, அதற்குள் ‘மை கேம்ஸ்’, அதற்குள் கேமின் பெயரிலுள்ள கோப்புறை, பிறகு ‘பீக்கான் கேம்’, பிறகு ‘கான்ஃபிக்’. அங்கே ‘பீக்கான் எஞ்சின்’ கோப்பைப் பிரதியெடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அசலை நோட்பேடில் திறந்து, கன்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தி, கூடுதல் ‘ஏ’யோடு சேர்த்தே அந்தச் சொல்லைத் தேடுங்கள். ‘ஏ’யை மட்டும் அழியுங்கள், அம்புக்குறியையோ இடைவெளியையோ தொட வேண்டாம். சேமியுங்கள். அதே பெயரில் சேமித்தீர்களா, நோட்பேட் கடைசியில் தானாக ‘டிஎக்ஸ்டி’ ஒட்டிவிடவில்லையே என்று பாருங்கள். திருத்தம் வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

அன்ரியல் எஞ்சின் 3 சில சமயம் இயல்புநிலைக் கோப்பிலிருந்து பயனர் கோப்பை மறுபடி எழுதிவிடும். அதனால் இரண்டாவது முறை கேமைத் திறந்து மூடிய பிறகு கோப்பைப் பாருங்கள். ‘ஏ’ திரும்பி வந்திருந்தால், மீண்டும் அழித்துவிட்டு, கோப்பின் பண்புகளில் ‘வாசிக்க மட்டும்’ என்று குறியுங்கள். கிராஃபிக்ஸ் அமைப்புகளும் அதே கோப்பில்தான் எழுதப்படும். குறியிட்ட பிறகு அவற்றை மாற்றினால் சேமிக்காது. ரெசல்யூஷனை முதலிலேயே முடிக்கச் சொன்னது இதற்காக.

மாற்றம் தெரிகிறதா என்று பார்க்கும்போது மனப்பிரமை புகுந்துவிடும். ஏலியன் பின்னாலிருந்து வரும் என்று நம்பி ஆடினால், பழைய கோப்பிலும் அப்படித்தான் தோன்றும். அகலமான, பல வழிகள் உள்ள ஓர் அறையின் செக்பாயின்ட் ஒன்றை எடுங்கள். ஒரே கடின நிலை. பழைய கோப்போடு மூன்று முறை, திருத்தியதோடு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரே மூலையில் நின்றுகொண்டு, எத்தனை ஏலியன்கள் முன்பக்கமாக வந்தன, எத்தனை பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ வந்தன என்று எண்ணுங்கள். கதவை உடைத்து வருவது, கூரையிலிருந்து விழுவது போன்றவை ஸ்கிரிப்டில் எழுதிய காட்சிகள், அவை எந்தக் கோப்பிலும் மாறாது, கணக்கில் சேர்க்காதீர்கள். கலைந்து பரவுவதும் சுற்றி வருவதும் கூடினால் கயிறு கட்டப்பட்டுவிட்டது என்று அர்த்தம். ஒளியும் நடையும் இன்னும் உறுத்தினால், விசிறிகள் செய்து இலவசமாகத் தரும் முழுச் சீரமைப்பு மாட் ஒன்று இருக்கிறது. அதைப் போடுவதென்றால் கையால் செய்த திருத்தத்தைப் பழைய பிரதியால் மாற்றிவிட்டு, ‘வாசிக்க மட்டும்’ குறியையும் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டும் ஒரே கோப்பில் கை வைக்கும்.

பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 வட்டு வைத்திருப்பவருக்கு இதில் எதுவும் கைகொடுக்காது. முழு விலை கொடுத்து முதல் வாரமே வாங்கியவர்களில் பெரும் பங்கு கன்சோல்காரர்கள். அவர்களிடம் திறக்க ஒரு நோட்பேட்கூட இல்லை.